இரட்டைப் பிள்ளை பெற்ற கை

வெளிமாநிலத்தில், ஐ.டி. கம்பெனிகள் சூழ்ந்த கச்சிபௌலியில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்தத் தமிழ் வீட்டில் சுளுக்கென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவிவிட்டால் சுளுக்கு ஓடிவிடும் என்பது ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த நம்பிக்கை. பகலெல்லாம் அமெரிக்காக்காரனோடு கம்ப்யூட்டரில் மாரடித்துவிட்டு, சாயங்காலம் என் முன்னால் காலை நீட்டி உட்காருவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். நான் பெற்ற இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒன்று பிறந்த வாரமே போய்விட்டது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கைராசி மட்டும் எனக்கு மிச்சமிருக்கிறதாம். இருந்தாலும் நீவிவிடுவேன்.

மிஞ்சியவன் கால்பந்துப் பைத்தியம், கோல்கீப்பர். ஒரு சனிக்கிழமை மாலை, கீழே சிமெண்ட் தரையில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு வீங்கி வீட்டுக்கு வந்தான். மறுநாள் பள்ளி அணிக்கு இறுதி ஆட்டம்.

"விரலை அசைக்கிறான் பாரு, வெறும் சுளுக்குதான்," என்றார் என் கணவர். "ஊரே உங்கிட்ட வருது. நம்ம பிள்ளைக்கு நீவிவிட என்ன?"

"கரோ நா மம்மி, கல் மேட்ச் ஹை," நீவிவிடு, நாளைக்கு மேட்ச் என்று பையனும் இந்தியில் கெஞ்சினான். தமிழ் நன்றாகப் புரியும். வாயில்தான் வராது.

கணவர் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். மணிக்கட்டில் விரலை வைத்தேன். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்கவில்லை என்று தலையாட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன பெரிய கைராசி? இந்தக் கையை வச்சுக்கிட்டுதானே ஒண்ணை வாரிக் குடுத்தேன். இவனையும் வச்சு என்னால சோதிச்சுப் பாக்க முடியாது. வண்டியை எடுங்க," என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. அந்தக் குழந்தையைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதே இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கிப் போனார்.

எலும்பு வளரும் முனையை ஒட்டி முறிந்து, கொஞ்சம் விலகியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. பந்தாடும் பையன்கள் இப்படித்தான் விழுந்து வருகிறார்கள் என்றார் டாக்டர். எலும்பு முறிந்தாலும் விரல் அசையும் என்றார். எண்ணெய் போட்டு நீவினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லவேளை, நீவியிருந்தால் இன்னும் விலகி, கை கோணலாகவே வளர்ந்திருக்கலாம் என்றார். என் கணவர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டு போட்டார்கள்.

திரும்பும்போது காரின் பின்சீட்டில் பையன் என் தோளில் சாய்ந்திருந்தான். மேட்ச் போன துக்கத்தில் அழுவான் என்று பார்த்தேன், அழவில்லை. தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டான்.

"அம்மா, அவன் இருந்தா நாளைக்கு எனக்குப் பதிலா கோல்ல நின்னிருப்பான், இல்ல?"

"நின்னிருப்பான்டா," என்றேன். முன்னால் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.