அக்காவின் குற்றி வீடும் நான் திறக்காத கதவும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, முதல் பக்கத்தில் அக்காவின் படத்தைப் பார்த்ததும் உங்களுக்கு எப்படித் தூக்கிவாரிப் போடுமோ, படத்தை அச்சுக்குக் கொடுத்த எனக்கும் அப்படித்தான் இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வந்துவிட்டது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. கடவுளே, அக்காவா? ஒரு தடிமன் காய்ச்சலுக்குக்கூடப் படுக்காத அக்காவா?

இந்த வருடம் நம் எல்லோர் வீட்டிலும் தொலைபேசி அடித்தாலே நெஞ்சு பதைக்கிறது. கெட்ட செய்தி வந்தால் சண்டை நடக்கும் வன்னியிலிருந்துதான் வரும் என்று காத்திருந்தோம். லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுப் பின்வளவிலிருந்து வரும் என்று யார் கண்டது!

அக்கா பருத்தித்துறையில் பிறந்தார். எங்களுக்கு வேறு சகோதரங்கள் இல்லை. எங்களைப் பெற்ற ஐயா நேரத்தோடு கண்ணை மூடிவிட்டதால் படிப்பை இடையில் விட்டு, நோர்வேக்குப் போய், மீன் தொழிற்சாலைக் குளிரில் நின்று உழைத்து என்னையும் கூப்பிட்டெடுத்தார். கலியாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்களிடம் "நேரம் கிடைக்கேல்லை" என்று சிரிப்பார். 

பிறகு மரக்குற்றிகளால் விடுமுறை வீடு கட்டும் ஓரிடத்தில் தரை துடைக்கப் போனார். இடுக்கு அடைக்கிறவருக்குத் தோள் பிசகிய ஒரு கிழமை, அக்கா அந்த வேலையைக் கையில் எடுத்தார். கண் பார்த்தால் கை செய்யும் என்பது அவருக்கே பொருந்தும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய குற்றிகளுக்கு நடுவே ஸ்பொஞ் கயிற்றை வைத்து அழுத்தி, மேலே பசையைப் பீய்ச்சி, ஈரக் கரண்டியின் முதுகால் இழுத்துவிட வேண்டும். பசை ஸ்பொஞ்சில் ஒட்டாமல், மேல் குற்றியையும் கீழ்க் குற்றியையும் மட்டும் பிடித்திருந்தால்தான் மரம் சுருங்கும்போது இழுபட்டுக் கொடுக்கும். வேலை முடிந்ததும் அக்கா ஊதுபத்தி கொளுத்தி இடுக்கு நெடுகக் கொண்டுபோவார். புகை வளைந்தால் காற்று நுழைகிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர்களோ அக்கா ஏதோ பூசை செய்கிறார் என்று தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார்களாம்!

நான் லண்டனுக்கு வந்தபின் அக்காவும் வந்தார். ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலை. ஒன்பது வருடம் எங்கள் வீட்டுச் சின்ன அறையில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே படுத்தார். அவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. வெட்கம் எனக்குத்தான். போன வருடம் பின்வளவில் ஒரு குற்றி வீடு எழுப்பினேன். ஒரேயொரு அறை. தையல் மெசினையும் சாமிப்படத்தையும் வைத்து, தன் கதவைத் தானே சாத்திக்கொண்டு அக்கா நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"இப்ப அடைக்காதை தம்பி. மரம் ஒரு வருசம் இருந்து அடங்கவேணும்" என்றார்.

எனக்குப் பொறுக்குமா? சோறு வேகுமுன் பத்துத் தரம் மூடி திறக்கிறவன் நான். அக்கா ஷிப்டுக்குப் போன நேரம் பார்த்து, சுவருக்குப் பூசுகிற பசையால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். மாரிக்குளிரில் அத்தனையும் வெடித்துக் கொட்டியது.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு சும்மாவே சொன்னவை? கரண்டியை எடு. சுரண்டு" என்றார் அக்கா. இருவரும் சேர்ந்து சுரண்டினோம்.

சித்திரையில் அக்கா சொன்ன ஒரு வருடம் முடிந்ததும் அவரே அடைக்கத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடியுந்தறுவாயில் இருந்தது.

"தம்பி, நான் கதவைச் சாத்திறன். நீ வெளியிலை நிண்டு கத்து" என்றார்.

"அக்காவுக்கு ஆட்டிறைச்சிக் கறி வைக்கத் தெரியாது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கதவு திறந்தது. "என்னடா சொன்னனீ? ஒண்டும் கேக்கேல்லை!" கண் நிறையச் சிரித்தார். "கதவடியிலை ஒரு சாண்தான் மிச்சம். முடிச்சுப்போட்டு வாறன்."

நான் கேட்ட கடைசிச் சொல் அதுதான்.

மனைவி சாப்பாடு போட்டதும் சமையலறை வாசலில் நின்று கூப்பிட்டேன். "அக்கா, சாப்பிட வாங்கோ!" இரண்டு தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை.

"பாத்தீரே, அக்கா அடைச்ச அடைப்பை! இடி விழுந்தாலும் கேக்காது" என்று மனைவியிடம் பெருமையடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ஒருநாளும் பொறுக்கத் தெரியாத நான் அன்றைக்கென்று பொறுத்தேன். அக்காவின் வேலையைக் குழப்பக்கூடாதாம்! தயிர் விட்டு இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து மனைவி சாப்பாட்டுக் கோப்பையோடு போனார். கோப்பை விழுந்து உடைந்த சத்தம் கேட்டு ஓடினேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கரண்டி கையிலேயே இருந்தது. பக்கத்தில் ஊதுபத்தி முழுதும் எரிந்து முடிந்திருந்தது. சாம்பல் உதிராமல் வளைந்தபடி அப்படியே நின்றது. அக்கா அடைத்த இடத்தால் காற்று ஒரு பொட்டும் நுழையவில்லை.

மூளையில் இரத்தக்குழாய் வெடித்ததாம். அந்த நிமிடமே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்ய முடிந்திராது என்றார் டாக்டர். நல்ல மனிதர். அவர் சொன்னதை என் மனைவி நம்புகிறார்.

முழங்கால் வருத்தத்தோடும் வேலி தாண்டி ஓடிவந்து, அம்புலன்ஸ் வரும்வரை அக்காவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜமேக்கா அம்மாவுக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து நின்ற ஹவுன்ஸ்லோத் தோழிகளுக்கும், எட்டாம் நாள் வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் ஈஸ்ட் ஹாமிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. நோர்வேயிலிருந்து அக்காவின் பழைய முதலாளியும் வந்திருந்தார். அந்தச் சுவரில் விரலை வைத்து நெடுக இழுத்துப் பார்த்து, சின்னப்பிள்ளைபோல அழுதார். கதவடியில் மிச்சமிருந்த ஒரு சாணைத் தான் முடித்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது அப்படியே இருக்கிறது.

சமையலறை வாசலிலிருந்து அந்தக் கதவுக்குப் பதினொரு எட்டு. இப்போது தினமும் நடந்து எண்ணிப் பார்க்கிறேன். உறவுகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், கேட்கவில்லையாக்கும் என்று திரும்பிவிடாதீர்கள். சோறு ஆறினால் ஆறட்டும். போய்க் கதவைத் திறந்து பாருங்கள்.

தம்பி
பிளேஸ்டோ, லண்டன்