பதினொன்றேகால் விமானமும் எங்கள் வீட்டுக் கிடாயும்

நான் உலகத்தைச் சுற்றிப் பார்க்காமல் போனதற்குக் காரணம் ஒரு கிடாய் ஆடு. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வாழ்க்கையில் எந்த ஆடும் தலையிட்டதில்லை.

அறுபதுகளில் அப்பாவுக்குத் திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருந்தது. முன்னால் மிஷின்கள், மேலே மொட்டை மாடி, பின்னால் எங்கள் வீடு. கோயமுத்தூரில் விடுதியில் தங்கி பி.யூ.சி. முடித்துவிட்டு வந்த என்னை, கல்யாணம் ஆகும்வரை சும்மா இருப்பானேன் என்று பேக்கிங்கில் உட்கார வைத்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து கோயமுத்தூர் போகும் விமானம் தினமும் காலை பதினொன்றேகாலுக்கு எங்கள் மாடிக்கு மேலே போகும். பதினொன்று பத்துக்கே மடித்துக்கொண்டிருந்த பனியனைப் போட்டுவிட்டு நான் மாடிப்படி ஏறிவிடுவேன். அது புள்ளியாகி மறையும்வரை கழுத்து வலிக்கப் பார்ப்பேன். அப்பா கீழே இருந்து, "அது நாளைக்கும் வருங் கண்ணு, எறங்கி வா" என்பார்.

பார்ப்பது எனக்குப் போதவில்லை. அதிலேயே குடியிருக்க வேண்டும் என்று ஆசை. திங்கட்கிழமை லண்டன், புதன்கிழமை கெய்ரோ, வெள்ளிக்கிழமை எங்கே என்று வியாழக்கிழமை முடிவு செய்துகொள்ளலாம். வீட்டுக்கு வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும், அதுவும் விமானத்தில் இடம் கிடைத்தால். பாட்னாவுக்கும் கல்கத்தாவுக்கும் போகும் மூட்டைகளின்மேல் விலாசம் எழுதுவது என் வேலை. கை பாட்னா என்று எழுதும்போது மனசு பாரிஸ் என்று எழுதிக்கொண்டிருக்கும். ஒருமுறை கையும் மனசோடு சேர்ந்துகொண்டது. நாக்பூர் போக வேண்டிய மூட்டை டோக்கியோ என்ற விலாசத்தோடு ரயில்வே குட்ஷெட்டில் மூன்று நாள் கிடந்தது. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அப்போதுதான் வெளியூரிலிருந்து வந்த ஒரு பார்சலைச் சுற்றியிருந்த இங்கிலீஷ் பேப்பரில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரு விமானக் கம்பெனிக்கு ஏர் ஹோஸ்டஸ் வேண்டுமாம். இருபத்தைந்து வயதுக்குள், கல்யாணம் ஆகாத பெண்ணாக இருக்க வேண்டுமாம். வீட்டில் மூச்சுக்கூட விடாமல் ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்து விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய நாளிலிருந்து பயிற்சி ஆரம்பமானது. விமானத்தில் ஏறுபவர்களுக்குப் பெப்பர்மின்ட்டும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கொடுப்பார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். பனியன் கம்பெனியில் பஞ்சுக்கா பஞ்சம். தினமும் மத்தியானம் பேக்கிங் பெண்களை நாலு நாலு பேராகப் பெஞ்சில் உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றி நாடாவைக் கட்டி, தாம்பாளத்தில் பெப்பர்மின்ட்டும் பஞ்சும் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக வருவேன். "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று ஆரம்பிப்பேன். ஜென்டில்மென் என்று அங்கே யாரும் கிடையாது. பெப்பர்மின்ட் தீர்ந்த அன்றைக்கு ஒருத்திகூடப் பறக்க வரவில்லை. நன்றி கெட்டதுகள்.

மெட்ராஸில் நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது குட்டு உடைந்தது. அப்பா கடிதத்தை மூன்று தடவை படித்தார்.

"ஆகாசத்துல போறவங்களுக்குக் காப்பி ஊத்தறதுக்கா கண்ணு உன்னையப் படிக்க வெச்சேன்?"

"இங்கயும் காப்பிதானுங்கப்பா ஊத்தறேன். அங்க ஊத்துனா சம்பளங் குடுப்பாங்க."

அப்பா அதோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். ஆனால் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், அப்படி அடங்குகிற ஆள் இல்லை. எனக்கு மூலனூரில் ஒரு மாப்பிள்ளையை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். முருங்கைக்காய் மண்டிக்காரர்கள், நல்ல குடும்பம், பையன் சாது. "மூலனூர்க்காரங்க நாளைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாங்கறாங்க. இது என்னடான்னா மேல போறேங்குது" என்று பெரியப்பா கூடத்தில் நின்று சத்தம் போட்டார். அம்மா எனக்கும் பரிந்து பேசவில்லை, அவருக்கும் பரிந்து பேசவில்லை. முருங்கைக்காய் நல்லதுதானே என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நானும் முடிவு சொல்லல, அண்ணனும் சொல்ல வேண்டாமுங்க. அமாவாசையன்னிக்கு ஆத்தாகிட்டக் கேட்டுப் போடலாம். கெடாய் துளுக்குச்சுன்னா அன்னிக்கு ராத்திரியே புள்ளைய மெட்ராஸ் ரயில்ல ஏத்தி உட்டர்றேன்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். குலதெய்வத்தின் முன்னால் கிடாயை நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டு, அதன்மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பெயர்தான் துளுக்குவது. மூன்று தரம் ஊற்றியும் ஆடு அசையவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம். அப்பீல் கிடையாது.

மற்ற ஆடுகளாக இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறும். எங்கள் கிடாய் மட்டும் உதறாது, அது வளர்ந்த இடம் அப்படி. வெளுத்த துணிகளைக் காயப்போடும் கொடிக்குக் கீழேதான் அதைக் கட்டியிருப்போம். ஈரத்துணியிலிருந்து நாளெல்லாம் அதன் முதுகில் தண்ணீர் சொட்டும். அது பாட்டுக்குக் கட்டிங் வேஸ்ட் துணியை மென்றுகொண்டு நிற்கும். குடத்தோடு கவிழ்த்தாலும் ஏன் என்று கேட்காது.

ஆனால் அதற்கு ஒன்று ஆகாது. விமானச் சத்தம். தினமும் பதினொன்றேகாலுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் கொம்பிலிருந்து வால்வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, காதைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். மாடியிலிருந்து தினமும் பார்த்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் அந்நேரத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கோயில் ஊருக்கு வெளியே இரண்டு மைல். விமானம் அதற்கும் மேலேதான் போகும். ஆக, நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். தண்ணீர் ஊற்றுவதைப் பதினொன்றேகால்வரை இழுத்தடிக்க வேண்டும். அம்மனை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிடம் உறுத்தியது. அம்மனுக்கும் நாலு ஊர் பார்க்க ஆசை இருக்காதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அமாவாசையன்று பத்தரைக்கே பூசாரி தயாராகிவிட்டார். நான் கற்பூரத்தை வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து நீட்டினார். பதினோரு சுற்றுச் சுற்றுவதாக வேண்டியிருக்கிறேன் என்று கோயிலைச் சுற்றினேன். முடிந்ததும் எண்ணிக்கை விட்டுப்போச்சு என்று மறுபடியும் முதலிலிருந்து சுற்றினேன். பூசாரி அம்மாவிடம், "புள்ளைக்கு பக்தி ஜாஸ்திங்க" என்றார். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா.

அப்பாவின் கைக்கடிகாரத்தில் பதினொன்று பதினைந்து. போதும் என்று வந்து நின்றேன்.

"ஆத்தா, புள்ள ஆகாசத்துல வேல பாக்கப் போகோணுங்குது. உனக்குச் சம்மதம்னா உத்தரவு குடு தாயே" என்று சொல்லிப் பூசாரி ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார்.

வானத்தில் சத்தமே இல்லை. கிடாய் கழுத்தில் கிடந்த மாலையைத் தின்ன ஆரம்பித்தது.

தினமும் அலாரம் வைத்த மாதிரி வருகிற விமானம் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுக்கலாம் என்று அப்பா சொன்னார். பொறுத்தோம். பதினொன்றரைக்கு இரண்டாவது சொம்பு. கிடாய் மாலையை முடித்துவிட்டுப் பூசாரியின் வேட்டி நுனியைப் பார்த்தது. எல்லோரும் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் உருகி வேண்டுகிறேன் என்று நினைத்து அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினொன்று நாற்பதுக்கு மூன்றாவது சொம்பு. கிடாய் படுத்துவிட்டது.

"ஆத்தா வேண்டாம்னுட்டா" என்றார் பெரியப்பா. குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட அவர் முயற்சி செய்யவில்லை. "வந்தது வந்தோம். மூலனூர் சம்பந்தத்துக்கும் ஒரு வார்த்தை கேட்டுப் போடுங்க பூசாரி."

கிடாயைத் தூக்கி நிறுத்தினார்கள். பூசாரி சொம்பை நிரப்பினார். "ஆத்தா, புள்ளைய மூலனூர்ல குடுக்கலாம்னா..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே என் காதில் விழுந்தது. தூரத்தில், கிழக்கே, எனக்கு மட்டும் தெரிந்த அந்த ரீங்காரம். முப்பத்தைந்து நிமிடம் தாமதமாக வந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ப் பூசாரியின் கையைப் பிடித்தேன். "வேண்டாமுங்க, ஒரு நிமிசம் பொறுங்க" என்றேன். அவர் பாதி சொம்பை என்மேலும் பாதியை ஆட்டின்மேலும் கொட்டினார். தலைக்கு மேலே விமானம் வந்தது. கிடாய் கொம்பிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறியது பாருங்கள், அங்கிருந்த ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோர் முகத்திலும் மஞ்சள் தண்ணீர்.

எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நான் நின்றுகொண்டே கத்தினேன்.

"அது ஏரோப்பிளேன் சத்தத்துக்குத் துளுக்குச்சு. தினமும் அப்படித்தான் துளுக்கும். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேதான் இத்தன நேரம் கோயிலச் சுத்துனயா கண்ணு?" என்றார் அப்பா, எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது புரிந்தது.

பெரியப்பாதான் முடித்து வைத்தார். "நீ கேக்கறப்ப வராத ஏரோப்பிளேன, நாங்க கேக்கறப்ப அனுப்புனது ஆரு?"

அன்று ராத்திரி மெட்ராஸ் ரயில் கூவிக்கொண்டு போனபோது தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் மத்தியானம் அந்தக் கிடாயை அடித்து விருந்து வைத்தார்கள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த ஆடு, என்னால் தொட முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மூலனூர்க்காரர் நிஜமாகவே சாதுதான். ஆனால் அவருக்கு உயரம் என்றால் ஆகாது. முருங்கைக்காய் மண்டி வைத்திருக்கும் மனிதர், ஏணியின் மூன்றாவது படியில் கால் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். இப்படி ஓர் ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறாளே ஆத்தா என்று நான் பல நாள் வியந்திருக்கிறேன். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் அவருக்குக் கிடாய் கதையை முதலிலிருந்து சொல்வேன். ஏழெட்டு வருடம் பொறுத்துப் பார்த்தார். "உன்னைய ஒருக்கா அதுல ஏத்திப் போடறேன். அப்பறமாச்சும் அந்த ஆட்டை உடு" என்றார் ஒருநாள். அவருக்கு இரண்டு தடவை ஏறத் தைரியம் கிடையாது. அதனால் மெட்ராஸுக்கு ரயிலில் போய், திரும்பும்போது மட்டும் விமானத்தில் வருவது என்று முடிவானது.

அன்றைக்கு அந்த ஏர் ஹோஸ்டஸ் பெண் தட்டில் பெப்பர்மின்ட்டும் பஞ்சும் நீட்டினாள். இவர் பயத்தில் பஞ்சை வாயில் போட்டுக்கொண்டார். நான் அதை எடுத்துக் காதில் வைத்து, பெப்பர்மின்ட்டை வாயில் கொடுத்து, பெல்ட்டைச் சரியாக மாட்டிவிட்டு, ஒன்றும் பயமில்லை என்று சிரித்த முகமாகச் சொன்னேன். பேக்கிங் பெஞ்சில் பழகியதெல்லாம் கை மறக்காமல் வந்தது. வழி முழுக்க அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்கவே இல்லை. நான் கண்ணை மூடவே இல்லை. மேகத்தை மேலிருந்து பார்த்தேன். இதில் ஒருத்தி தினமும் போய்வருகிறாள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறாள் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே திருப்பூர் தெரிந்தது. மொட்டை மாடிகளில் எல்லாம் வெள்ளைவெளேரென்று பனியன் துணி. ஊருக்கு வெளியே கோயில், அதன் முன்னால் நாங்கள் கிடாயை நிறுத்திய அந்த வெட்டவெளி, அங்கே கூட்டமாகச் சில ஆட்கள். ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்களோ என்னவோ. அவருடைய கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றேகால். ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லை.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்னாச்சு? வந்துட்டமா?"

"வந்துட்டமுங்க. இன்னிக்குன்னு பாத்து நேரத்துக்கு வந்துட்டமுங்க."