குதிரைப் பொம்மையில் கூட்டல் குறி

எதையும் லேசில் நம்பாத ஆள் நான். பால்காரர் ஊற்றும் பாலை முகர்ந்து பார்ப்பேன். கடைப் பருப்பைக் கையில் கொட்டிக் கிளறுவேன். "ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் மங்கலம்பேட்டையில் ஒரு டிவிடி பிளேயர் வாங்கி வந்தபோது, ஷாக் அடிக்குமோ என்று ஒரு வாரம் அதைத் தொடவில்லை. கூட வந்த மெல்லிய ரிமோட்டைச் சந்தேகப்பட மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தெருப் பெண்கள் பலரும் செராமிக் கம்பெனியிலிருந்து ஈரம் காயாத பொம்மைகளை வாங்கி வந்து வீட்டில் திருத்துவோம். பிசிறைச் சீவி, ஸ்பாஞ்சால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் சூளையில் வைப்பார்கள். வீடெல்லாம் வெள்ளை மண். பிள்ளைகள் அதைத் தின்பது யாருக்கும் பெரிய விஷயமில்லை.

அன்று காலை என் ஒன்றரை வயது மகளுக்கு எச்சில் நிற்காமல் வழிந்தது. இட்லியை ஊட்டினால் துப்பிவிட்டு அழுதாள்.

"மண்ணு தின்னுருக்குது அண்ணி. வாழப்பழம் குடுத்தா எறங்கிடும்," என்றாள் எங்களோடு இருந்த நாத்தனார். பழத்தை உரித்தும்விட்டாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எத்தனையோ முறை மண் தின்றவள், ஒரு நாளும் சோற்றைத் துப்பியதில்லை. "பழத்த வை அப்படியே," என்று கத்தினேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கீழே என்ன கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முந்தின நாள் நாத்தனார் திருத்திய குதிரைகள் பலகையில் நின்றன. முன்வரிசைக் குதிரைகளின் முதுகில் வட்டமாக ஓர் அச்சு. கம்பெனி அப்படிக் கேட்கவே இல்லை. பின்வரிசையில் அது இல்லை.

"எத வச்சி அழுத்துன?"

"ரிமோட்டு பேட்டரி அண்ணி, காசு மாதிரி வட்டமா இருக்குமே, அது. அழகா இருக்கட்டுமேன்னு... தீந்து போனதுதான். அப்புறம் எங்கியோ வுழுந்துடுச்சி, தேடல."

குனிந்து பார்த்தேன். வட்டத்துக்குள் சின்னதாக ஒரு கூட்டல் குறி. மண் அப்பிய அந்த வில்லையை மகள் மண் என்றே வாயில் போட்டிருக்கிறாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே டாக்டர் எழுந்துவிட்டார். "பேட்டரிதாம்மா. தொண்டைக்குக் கீழ நிக்குது. தீந்து போனதா இருந்தாலும் உள்ள அரிச்சிக்கிட்டே இருக்கும். எதுவும் குடுக்காம உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டு போங்க."

பொம்மை ஏற்றிப் போகும் கம்பெனி வேனில்தான் போனோம். வழி நெடுக அவள் தண்ணீர் கேட்டு அழுதாள். நானும் அழுதேன், கொடுக்கவில்லை. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை விடவே இல்லை. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

குழாய் விட்டு எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். குரல் நரம்பு வரை புண் பரவியிருந்ததாம்.

இப்போது வளர்ந்துவிட்டாள். வீட்டில் போன் வந்தால் அவள்தான் ஓடிப்போய் எடுக்கிறாள். "தம்பி, அம்மா இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். அவள் அந்தக் கரகரத்த குரலில் சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிடுகிறாள். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.