பத்தில் ஒரு பிள்ளை

ஒரு நாத்தனார் தன் அண்ணியைப் புகழ்ந்து எழுதுவதா என்று சந்தேகப்படுபவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. என் அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னால் நாலு வரிக்கு மேல் தேறாது. அண்ணியைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. அதில் ஒரு பத்து நாள் கதையை மட்டும் சொல்கிறேன்.

அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறார். தைத்து முடித்த சட்டைகள் கட்டுக் கட்டாக அவர் மேஜைக்கு வரும். பத்துக்கு ஒன்றாக உருவி எடுப்பார். உள்பக்கத்தை வெளியே திருப்பி, தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, ஒவ்வொரு பொத்தானையும் ஒரு திருகு திருகுவார். குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். எடுத்ததில் இரண்டு சட்டைக்கு ஸ்டிக்கர் விழுந்தால் மொத்தக் கட்டும் திரும்பிப் போகும். ஒருமுறை அவரே கவனக்குறைவாக ஒரு கட்டைப் பாஸ் பண்ணிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அது உறைத்திருக்கிறது. பாதியில் இறங்கித் திரும்பிப் போய் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்தார். “சொல்லலைன்னா யாருக்குத் தெரியப் போகுது?” என்று கேட்டேன். “எனக்குத் தெரியுமே” என்றார். நானாக இருந்தால் வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்திருப்பேன்.

அவருடைய ஒரே மகள் அப்போது ஐந்தாம் வகுப்பை முடிக்கும் நிலையில் இருந்தாள். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போயாக வேண்டும். எங்கள் பகுதியில் மூன்று அரசுப் பள்ளிகள் உண்டு: மணிக்கூண்டு வைத்த பள்ளி ஒன்று, பாலத்தடிப் பள்ளி ஒன்று, பஸ் டிப்போவை ஒட்டி ஒன்று. ஒரு பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம்தான். ஒன்றில் கொடுத்தால் மற்ற இரண்டையும் மறந்துவிட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“மூணும் கவர்ன்மென்ட் ஸ்கூல்தானே? கிட்ட இருக்கறதுல போட்டுட்டு வேலையப் பாரு” என்றார் என் அண்ணன். தெருவில் கேட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு. மணிக்கூண்டுப் பள்ளிதான் பள்ளி என்று பலர் சொன்னார்கள். டிப்போ பள்ளியைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள். அண்ணி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரணம் இருந்தது. அண்ணன் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே வார்த்தை நின்றுவிடும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அதை வெளியே கொண்டுவரப் பார்ப்பாள். அதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் முடித்துவிடுவார்கள். கடைக்காரர் முடிப்பார், வகுப்பு டீச்சர் முடிப்பார், எல்லோருக்கும் முந்திக்கொண்டு அண்ணி முடிப்பார். அண்ணியிடம் நான் கண்ட ஒரே குறை அதுதான். பாசத்தில் செய்வதை எப்படிக் குறை சொல்வது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மூன்று பள்ளிகளையும் அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சோதித்தார். காலை ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வீடு. மூன்றரைக்கு ஸ்கூட்டரில் மகளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பாடு. பள்ளிக்கு இரண்டு நாள் என்று கணக்கு. வாசலில் நின்று எண்ணுவார். பத்தாவதாக வரும் பிள்ளையை நிறுத்தி, “இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு? சொல்லு பாக்கலாம்” என்று ஒரே கேள்வி. தெளிவாகச் சொன்னால் நோட்டில் ஒரு டிக். தடுமாறினால் ஒரு சிவப்புப் புள்ளி.

கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை தொங்கியதால் பிள்ளைகள் யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து விறைப்பாக நின்று பதில் சொன்னார்கள். பாலத்தடிப் பள்ளிக் காவலாளிக்கு மட்டும் சந்தேகம். “யாரும்மா நீங்க? புள்ளைங்களை எண்ணிக்கிட்டு நிக்கறீங்க?” என்று தடியோடு வந்துவிட்டார். நான் நைசாக நழுவி ஸ்கூட்டருக்குப் பின்னால் போனேன். அண்ணி அசரவில்லை. “என் பொண்ணைச் சேர்க்கப் போறேன், பார்க்க வேணாமா?” என்று கேட்டு, அவரிடமும் அந்தப் பள்ளியைப் பற்றி நாலு விஷயத்தைக் கறந்துகொண்டுதான் விட்டார்.

புதன்கிழமை மாலை கூடத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். இருபது பிள்ளைகளுக்கு மணிக்கூண்டில் பதினெட்டு டிக், பாலத்தடியில் பதினாலு, டிப்போவில் ஒன்பது. “முடிஞ்சுது” என்று பேனாவைத் திறந்து விண்ணப்பத்தில் மணிக்கூண்டுப் பள்ளியின் பெயரை எழுதப் போனார்.

மருமகள் அவர் கையைப் பிடித்தாள். “டி… டி…”

“டிப்போ ஸ்கூல் வேணாம்னுதானே சொல்ற? அம்மாவும் அங்க போடலடா கண்ணு.”

அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

“டீச்சர் பிடிக்கலையா? டிபன் பாக்ஸா?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “அண்ணி, கொஞ்சம் வாயை மூடுறீங்களா? அவ என்னமோ சொல்ல வரா!” இருபது வருடத்தில் அண்ணியிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. ஆனால் வாயை மூடிக்கொண்டார்.

அவள் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. நான் இங்கே ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். “டிப்போ ஸ்கூல் பையன் ஒருத்தன் தடுமாறினான்ல, அப்போ அவன் ஃப்ரெண்ட்ஸ் சும்மா நின்னாங்க. அவனே சொன்னான். மணிக்கூண்டு ஸ்கூல்ல ஒருத்தி தடுமாறினப்போ பக்கத்துல இருந்த பொண்ணுதான் சொல்லிட்டா. நீ அதுக்கும் டிக் போட்ட.” கொஞ்சம் நிறுத்தி, “என்னை நிறுத்திக் கேட்டிருந்தா, எனக்குச் சிவப்புதானே?” என்றாள்.

அண்ணி பேனாவை மூடினார். மகளை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு, “ஆமாடி. போட்டிருப்பேன். தப்பு என் மேலதான்” என்றார். சும்மா ஒரு பேச்சுக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்தார். சட்டையில் பத்தாவதைப் பார்த்தால் போதும், மற்ற ஒன்பதும் அதற்கு ஒன்றும் செய்யப் போவதில்லை. பிள்ளைகள் அப்படியா, பக்கத்தில் நிற்பவர்களையும் பார்க்க வேண்டாமா என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மறுபடி செக்கிங். மணிக்கூண்டுப் பள்ளி மூன்றேமுக்காலுக்கு விடும், டிப்போ பள்ளி நாலேகாலுக்கு. இரண்டுக்கும் நடுவில் அண்ணி ஸ்கூட்டரை ஓட்டிய ஓட்டத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதே கேள்விதான், ஆனால் இந்த முறை அவர் கண் பக்கத்தில் நின்றவர்கள் மேல் இருந்தது. மணிக்கூண்டுப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, கெட்டிக்காரர்கள். ஒருத்தி ஒரு நொடி யோசித்தால் போதும், மூன்று பேர் பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

டிப்போ பள்ளியில் ஒரு சின்னப் பெண் வார்த்தை கிடைக்காமல் நின்றாள். கூட வந்தவள் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றாள்.

“உனக்குத் தெரியும்னா நீ சொல்லேன்” என்றார் அண்ணி, வேண்டுமென்றே.

“மாட்டேன் ஆன்ட்டி. ஒருத்தங்க முடிக்கிற வரைக்கும் மத்தவங்க வாய் திறக்கக் கூடாது. எங்க ஹெச்.எம். ரூல். அவளுக்கு வரும், கொஞ்சம் நேரமாகும்.”

வெள்ளிக்கிழமை நாங்கள் டிப்போ பள்ளி அலுவலகத்தில் இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன. தலைமையாசிரியை பதிவேட்டைத் திறந்து, “உன் பேரென்னம்மா?” என்று மகளைப் பார்த்துக் கேட்டார். அண்ணியின் வாய் திறந்துவிட்டது. பல வருடப் பழக்கம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தலைமையாசிரியை பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். மருமகள் கண்ணை இறுக்கி மூடி, திறந்து, தன் முழுப் பெயரையும் சொன்னாள். அப்பா பெயரையும் தலைமையாசிரியை அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டார்.

“அம்மா பேரு?”

அது தன்னைக் கேட்டது என்று நினைத்து அண்ணி பேச ஆரம்பித்தார். மருமகள் அவர் கையைத் தட்டி, “நா… நானே சொல்றேன்” என்றாள். முதல் எழுத்தில் மூன்று முறை நின்றாள். அண்ணி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். தன் பெயரை மகள் வாயால் அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை.