பழுதில்லாத பல்

பொய்ப்பல் செய்யக் கொழும்பில் பயின்று வந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்துகொண்டிருந்தேன். கரவெட்டியிலிருந்து ஒரு புகையிலை வியாபாரி மகளைக் கூட்டிவந்தார். எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். மகளுக்கு மேல்வரிசைப் பற்கள் முன்னே தள்ளியிருந்தன. அவை உள்ளே போக இடம் வேண்டும் என்று, இரு பக்கமும் கூரான வேட்டைப்பல்லுக்கு அடுத்த பல்லைப் பிடுங்கச் சம்மதம் வாங்கியிருந்தார் வைத்தியர்.

பிடுங்கிய முதல் பல்லை வியாபாரி யன்னலடியில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு பழுதும் இல்லையே, பிள்ளை. உந்தப் பல்லை என்ன செய்வியள்?"

"எறிஞ்சுபோடுவம், ஐயா," என்றேன்.

"நல்ல பல்லை ஆரும் எறிவினமோ?"

என் மேசையிலிருந்த பொய்ப்பற்களுக்குப் பக்கத்தில் அதை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அவை அச்சில் வார்த்தவை என்றேன்.

"பாத்தாத் தெரியேல்லையே. பிடுங்கின பல்லு மாதிரியெல்லோ கிடக்கு. மற்றப் பல்லைத் தொடவேண்டாம். எழும்பு மேளை, போவம்."

மகள் எழும்பவில்லை. வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

"ஒரு பக்கம் மட்டும் பிடுங்கினா வரிசை கோணிப்போகும், அப்பா. பிறகு ஆரும் கட்டமாட்டினம், காலமெல்லாம் நீங்கள்தான் என்னை வீட்டில வைச்சிருக்கோணும்."

அவர் வைத்தியருக்குத் தலையாட்டினார். மற்றப் பல்லைப் பிடுங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். இரண்டு பல்லையும் லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"அச்சுப் பல்லு எண்டு சொன்னா ஆரும் நம்புவினம், பிள்ளை."

அவர் நம்பினாரா என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.