கடைசி வரியில் இல்லாத புள்ளி

வக்கீல் அலுவலகத்தில் பதினோரு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள் அவள். எல்லாருக்கும் டைப்பிஸ்டம்மா. ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. முப்பத்தாறு வயதில் ஆங்கில இலக்கியத்தில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்புக்குப் பணம் கட்டினாள். தனியாகப் படிக்கச் சலிப்பாக இருக்குமே என்று, வீட்டிலிருந்தபடியே பள்ளிச் சீருடை தைக்கும் அண்ணியையும் இழுத்துவிட்டாள்.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அண்ணி சொல்லிப் பார்த்தாள். ஆனால் புத்தகம் கைக்கு வந்ததும் விடவில்லை. மெஷின் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு காலர் முடிந்தால் நாலு வரி என்று படித்தாள். அகராதி தேய்ந்து அட்டை கழன்றது.

டைப்பிஸ்டம்மா படித்தது வேறு மாதிரி. உவமை, உருவகம், மோனை எல்லாம் விரல்நுனியில். கவிதையைக் கொடுத்தால் மடமடவென்று பட்டியல் போட்டு, அண்ணிக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுவாள். அந்த உவமை அங்கே என்ன செய்கிறது என்று கேட்டால் மட்டும், 'கவிதைக்கு அழகு சேர்க்கிறது' என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

பழைய வினாத்தாள் ஒன்றில் ஒரு கவிதை இருந்தது. மழை வருமுன் ஓர் அப்பா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வருகிறார். கடைசி ஜன்னல், வீட்டைவிட்டுப் போன மகளின் அறையில். கவிதை அங்கே முடிகிறது.

"இங்க பாரேன்," என்றாள் அண்ணி, வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு. "ஒவ்வொரு ஜன்னல் சாத்தினதும் ஒரு புள்ளி வெச்சிருக்காங்க. கடைசியில மட்டும் இல்ல. அதைச் சாத்த அவருக்கு மனசு வரலை. அதான் வாக்கியத்தையும் மூடலை."

"அய்யோ அண்ணி, அது அச்சுப்பிழை! தினம் நான் திருத்துறதே இதுதான். இதைப் போய் எழுதினா சிரிப்பாங்க. நான் குடுத்த பட்டியலை எழுதுங்க, போதும்."

அண்ணி முகம் சிவந்து போனது. சரி என்று தலையாட்டிவிட்டு மெஷினை மிதித்தாள்.

தேர்வில் அதே கவிதை வந்தது. புதிதாக அச்சடித்த தாள். கடைசி வரியில் இப்போதும் புள்ளி இல்லை. அது அச்சுப்பிழை இல்லை என்று டைப்பிஸ்டம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வரிசைக்கு முன்னால் அண்ணி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், பட்டியலைத்தான் எழுதியிருப்பாள். இவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அண்ணி சொன்னதை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினாள்.

பஸ் நிறுத்தத்தில் அண்ணி கேட்டாள்: "அந்தக் கடைசி வரியைப் பத்தி நீ ஏதாவது எழுதினியா?"

"இல்ல அண்ணி."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

முடிவு வந்தது. இவளுக்கு எழுபத்து நாலு. தேற நாற்பது வேண்டும். அண்ணிக்கு முப்பத்து மூன்று. "இவ மண்டைக்கு மெஷினே போதும்னு அப்பவே சொன்னேன்ல," என்று அண்ணன் கிண்டல் செய்தான். அண்ணியும் கூடவே சிரித்தாள். "உங்க தங்கச்சி சொன்ன மாதிரிதான் எழுதினேன். எனக்குத்தான் சரியா எழுத வரலை." டைப்பிஸ்டம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அண்ணி கேட்டாள்: "உன் விடைத்தாள் நகல் வாங்கித் தர்றியா? எப்படி எழுதணும்னு பாத்துக்கறேன்."

நகல் வந்தும் ஒரு மாதம் அதை அலுவலக மேஜைக்குள் பூட்டி வைத்திருந்தாள். இன்னும் வரவில்லை, வரவில்லை என்று இவள் சொல்லிக்கொண்டே இருக்க, அண்ணி கேட்பதையே நிறுத்திவிட்டாள். கேட்காதது இன்னும் மோசமாக இருந்தது. வேலையில் கவனம் சிதறி, ஒரு மனுவில் கட்சிக்காரர் பெயரையே மாற்றி அடித்து வக்கீலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலமே நகலை எடுத்துக்கொண்டு நேராக அண்ணி முன்னால் போய் நின்றாள்.

"இதுல இருக்கிறது உங்க யோசனை அண்ணி. உங்களைத் தடுத்துட்டு நான் எழுதினேன். பஸ் நிறுத்தத்துல பொய் சொன்னேன்."

அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு தரம் படித்தாள்.

"அப்போ அது அச்சுப்பிழை இல்லையா?"

"இல்ல அண்ணி."

"நல்லா எழுதியிருக்க," என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றே டைப்பிஸ்டம்மா அண்ணனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மெஷின் கிண்டலை அதோடு விட்டான்.

மறுதேர்வுக்கு அண்ணி தனியாகப் படித்தாள். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்?' என்று பென்சிலால் எழுதிப் படித்தாள். அறுபத்தாறு வாங்கினாள். வீட்டு விஷயமெல்லாம் வழக்கம்போலத்தான் பேசினார்கள். கவிதை மட்டும் அவர்கள் பேச்சில் வருவதில்லை.

இரண்டாம் வருடப் புத்தகம் வந்த வாரம், டைப்பிஸ்டம்மா ஒரு கவிதையோடு மெஷின் பக்கம் போனாள். "இதுல உங்களுக்கு என்ன தோணுது அண்ணி?"

"நீயே பாரேன்," என்றாள் அண்ணி, நூல் கோத்தபடி. குரலில் கோபம் இல்லை.

டைப்பிஸ்டம்மா கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். முதல் தடவை படித்தபோது கண்ணுக்கு உவமைகள்தான் பட்டன. மறுபடி முதல் வரிக்குப் போனாள்.