ஓடைக் கீரையும் ராசனின் ஈரலும்

பிரான்சில் புழு பூச்சி கிடையாது என்று நம்பியவன் நான். சுத்தமான நாடு, சுத்தமான ஓடை, ஓடைக்குள் தளதளவென்று கீரை. பாரிஸிலிருந்து ரயிலேறி, புறநகர் செவ்ரானையும் தாண்டிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆடுகள் மேயும் வெளியில் அதைக் கண்டேன். நானும் அறைத்தோழன் ராசனும் ஒரு பை நிறையப் பிடுங்கினோம். பாரிஸ் லா சப்பலில் இருந்த எங்கள் அறைக்கு வந்து, வெங்காயமும் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, வல்லாரைச் சம்பல்போலப் பச்சையாகவே தின்றோம். ராசனுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. நான்தான் இரண்டாந்தரமும் போட்டேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே வலி. மாரடைப்பு என்று முடிவுகட்டி, இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

இரத்தத்தில் ஈயோசினோபில் (ஒட்டுண்ணி புகுந்தால் பெருகும் வெள்ளணு) கூடியிருந்தது. டொக்டர் கேட்டதை, அங்கே வேலை செய்த புதுச்சேரி அம்மா தமிழில் சொன்னார்.

"பச்சையா ஏதாவது இலை சாப்பிட்டீங்களான்னு கேக்குறார்."

எங்கள் அகதி விண்ணப்பங்களுக்கு அப்போது முடிவு வரவில்லை. யாருடைய காணியிலோ களவெடுத்தவன் என்று எழுதிவிட்டால்?

"நான் என்ன ஆடே, அம்மா?" என்றேன்.

டொக்டரும் சிரித்தார். இலங்கையிலிருந்து கொண்டுவந்த அமீபா (குடலையும் ஈரலையும் தாக்கும் நுண்ணுயிர்) என்று மருந்து தந்தார். வலி போகவில்லை.

அதற்குள் ராசனும் படுத்துவிட்டான். அவனும் இலை தின்னவில்லை என்றே சொல்லியிருந்தான். ஸ்கானில் ஈரலில் கட்டிகள் தெரிந்தன. புற்றுநோயாக இருக்கலாம், வெட்ட வேண்டும் என்றார்கள்.

"அண்ணை, கீரையைச் சொல்லுவமோ?" என்று ராசன் கேட்டான்.

"முதல்லை அகதிக் கார்ட் வரட்டும். உன்ரை மூஞ்சிக்குப் புற்றுநோய் எல்லாம் வராது."

விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வெட்டினார்கள். எடுத்ததற்குள் இருந்தது ஈரல் தட்டைப்புழு (ஆடுமாடுகளின் ஒட்டுண்ணி, நீர்க்கீரையில் ஒட்டியிருந்து மனிதருக்கும் வரும்). அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். எனக்குப் பத்து நாள் ஊசி. அந்த மருந்து இதயத்தைத் தாக்கக்கூடும் என்று அசையாமல் கிடத்தினார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொள்ள அப்போதுதான் எனக்கு நியாயமான காரணம் கிடைத்தது.

இதே வலியோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: தின்றதையெல்லாம் சொல்லுங்கள். சொல்ல வெட்கப்படுவதை முதலில் சொல்லுங்கள்.

இப்போதும் சிரிப்பு வந்தால் கை தானாக வலது விலாவுக்குப் போகிறது. மாதங்களை ராசனின் ஒப்பரேஷனுக்கு முன், பின் என்றுதான் எண்ணுகிறேன்.

இரண்டு பேருக்கும் கார்ட் கிடைத்தது. ஓடையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ராசனுக்குப் புற்றுநோய் இருக்கவில்லை. ஈரலில் மூன்றிலொரு பங்கை எடுத்துவிட்டார்கள்.